முஸ்லிம் பெண்களின் மார்க்கப் பேணுதலைக் கேள்வித்தாளால் அளப்பது எப்படி?

கடற்கரைத்தெரு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் சமூகப்பணித் துறையில் முதுநிலை ஆய்வேடு எழுதி வருகிறேன். ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களில் வாழும் நடுவயது முஸ்லிம் பெண்களின் மார்க்கப் பேணுதலுக்கும் மன அமைதிக்கும் தொடர்பு உண்டா என்பதே என் பொருள். மன அமைதியை அளக்கும் பகுதி முடிந்துவிட்டது. பேணுதலை அளக்கும் பகுதியில் இரண்டு மாதமாக நகர முடியாமல் நிற்கிறேன்.

ஸ்டெஃபான் ஹூபர் உருவாக்கிய அளவுகோலை என் வழிகாட்டி பரிந்துரைத்தார். அது ஐந்து கூறுகளைக் கேட்கிறது: மார்க்க விஷயங்களைப் பற்றி எவ்வளவு சிந்திக்கிறீர்கள், இறைவன் இருப்பதை எவ்வளவு நம்புகிறீர்கள், கூட்டு வழிபாட்டில் எவ்வளவு அடிக்கடி கலந்துகொள்கிறீர்கள், தனியாக எவ்வளவு அடிக்கடி வணங்குகிறீர்கள், இறைவன் உங்கள் வாழ்வில் தலையிடுவதை எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. சராசரி 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் மிகுந்த பற்றுடையவர் என்றும், 2 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் பற்றில்லாதவர் என்றும், இடையில் இருந்தால் பற்றுடையவர் என்றும் வகைப்படுத்துகிறார்கள்.

முன்சோதனையாக முதலில் என் உம்மாவிடமே தாளைக் கொடுத்தேன். அஸர் தொழுதுவிட்டு, தொழுகை விரிப்பைக்கூட மடிக்காமல், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்கள். மூன்றாவது கேள்விக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. "ஜும்ஆ (வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை) நமக்குக் கடமையே இல்லையே, இதற்கு நான் என்ன போடுவது?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஐந்து கூறுகளிலும் 4 வாங்கும் ஓர் ஆண் சராசரி 4 பெற்று மிகுந்த பற்றுடையவர் ஆகிறார். மற்ற நான்கிலும் அதே 4 வாங்கி, கூட்டு வழிபாட்டில் 1 வாங்கும் பெண்ணுக்குச் சராசரி 3.4. மார்க்கம் எதை அவள்மீது கடமையாக்கவில்லையோ அதைச் செய்யாததற்காக அவள் ஒரு படி கீழே இறங்குகிறாள். அந்தக் கேள்வியை எடுத்துவிடலாமா, மாற்றி எழுதலாமா, அளவுகோலையே மாற்ற வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

புள்ளியியல்_வாசகன்

வ அலைக்கும் ஸலாம், சகோதரி. நீங்கள் தொட்டிருப்பது இத்துறையின் பழைய புண். மதப்பற்று பல கூறுகளால் ஆனது என்ற வாதத்தை அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் கிளாக் 1962ஆம் ஆண்டு முன்வைத்தார். பிறகு ராட்னி ஸ்டார்க்குடன் சேர்ந்து அதை விரித்தார். நம்பிக்கை, சடங்கு, அனுபவம், அறிவு, வாழ்வில் அதன் விளைவு என்பவையே அந்த ஐந்து கூறுகள். அவர்கள் முன்னால் இருந்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கிறித்தவர்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக உட்கார்ந்திருப்பார்கள். அதனால், வழிபாட்டுக் கூட்டத்துக்கு வருவதைப் பற்றின் அடையாளமாக எடுத்துக்கொண்டதில் பெண்களுக்கு அங்கே எந்த இழப்பும் ஏற்படவில்லை. அதே கேள்வி இஸ்லாமியச் சமூகத்துக்குள் வரும்போது வேறொன்றை அளக்கிறது.

பியூ ஆய்வு மையம் 2016ஆம் ஆண்டு ஆண்-பெண் வேறுபாடு குறித்து வெளியிட்ட அறிக்கையில் இது தெளிவாகத் தெரிகிறது. வாரம் ஒருமுறையாவது கூட்டுத் தொழுகைக்குச் செல்வதாகச் சொன்ன முஸ்லிம் ஆண்கள் சராசரியாக 70 சதவீதம், பெண்கள் 42 சதவீதம். ஆனால் அன்றாடத் தொழுகையிலும், வாழ்க்கையில் மார்க்கத்துக்கு இருக்கும் இடத்திலும் முஸ்லிம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே அவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. ஆகவே அந்த 28 புள்ளி வேறுபாடு பெரும்பாலும் கடமை யார்மீது, இடவசதி யாருக்கு என்பதைக் காட்டுகிறதே தவிர, உள்ளத்தைக் காட்டவில்லை.

கேள்வியை வெறுமனே நீக்கிவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். நீக்கினால், பெண்களும் தமக்குள் கூடி வழிபடுகிறார்கள் என்ற உண்மையே உங்கள் தாளிலிருந்து மறைந்துவிடும். உங்கள் மாதிரியில் பெண்கள் மட்டுமே இருப்பதால் ஆண்களோடு ஒப்பிடும் சிக்கல் உங்களுக்கு இல்லை. பெண்கள் எங்கே கூடுகிறார்களோ அந்த இடத்தைக் கேள்வியில் எழுதுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. "இறைவன் இருப்பதை எவ்வளவு நம்புகிறீர்கள்" என்று கேட்டால் உங்கள் ஊரில் ஏறக்குறைய எல்லோரும் 5 போடுவார்கள். எல்லோரும் ஒரே எண்ணில் நிற்கும் கேள்வி யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. மன அமைதியோடு அதற்குத் தொடர்பு இருக்கிறதா என்று கணக்கிடவும் உதவாது. நம்பிக்கைக் கேள்விகளைக் குறைத்து, ஒருவருக்கொருவர் உண்மையில் மாறுபடும் செயல்களைக் கேளுங்கள்.

மதரஸா_உஸ்தாதா

பெண்கள் கூடும் இடங்களை நான் சொல்கிறேன். ரமளானில் ஒரு வீட்டு முற்றத்திலோ பெண்கள் மதரஸாவிலோ நடக்கும் தராவீஹ் இரவுத் தொழுகை, வாராந்தர பயான் (மார்க்கச் சொற்பொழிவு), குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதும் மஜ்லிஸ் (கூட்டம்), நபியையும் இறைநேசர்களையும் புகழ்ந்து ஓதும் மௌலிது மஜ்லிஸ், காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண்களுக்கென்றே இருக்கும் தைக்கா எனும் வழிபாட்டு இடங்கள். பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கியுள்ள பள்ளிவாசல்களும் இப்போது பல ஊர்களில் இருக்கின்றன. இவற்றைப் பெயர் சொல்லிக் கேட்டால் உங்கள் உம்மா 'ஒருபோதும் இல்லை' என்று குறியிட்டிருக்க மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று நான்காவது கேள்வியில் ஒளிந்திருக்கிறது. "கடந்த வாரம் எத்தனை வக்து (வேளை) தொழுதீர்கள்" என்று கேட்கும் தாள்களை நான் பார்த்திருக்கிறேன். ஹைளு (மாதவிடாய்) உள்ள நாள்களில் பெண் தொழக்கூடாது. தொழாமல் இருப்பது அங்கே அலட்சியம் அல்ல, கட்டளைக்குக் கீழ்ப்படிதல். ஷாபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டப் பிரிவில்) ஹைளு அதிகபட்சம் 15 நாள், ஹனஃபியில் 10 நாள். பேற்றுக்குப் பின்னான உதிரப்போக்கு, அதாவது நிஃபாஸ், ஷாபியில் 60 நாள்வரை, ஹனஃபியில் 40 நாள்வரை போகலாம். குழந்தை பெற்று ஒரு மாதமான பெண்ணிடம் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டால் அவள் நேர்மையாகப் பூஜ்யம் என்று எழுதுவாள்; உங்கள் கணினி அவளைப் பற்றில்லாதவள் என்று வகைப்படுத்தும். "தொழுகை உங்கள்மீது கடமையாக இருந்த நாள்களில்" என்ற ஐந்து சொற்களைக் கேள்வியின் தொடக்கத்தில் சேர்த்தால் போதும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். ஹைளு நாள்களில் விட்ட தொழுகைகளைத் திருப்பித் தொழ வேண்டியதில்லை. விட்ட நோன்புகளை மட்டும் கழாச் செய்தே (பிறகு வைத்து ஈடுகட்டியே) ஆக வேண்டும். ரமளானில் ஊரே நோன்பு வைக்கிறது. ஸஹருக்கு (விடியலுக்கு முந்தைய உணவுக்கு) எழுப்ப ஆள் உண்டு, இஃப்தாருக்குக் கஞ்சி உண்டு, நோன்பில்லாமல் இருப்பதுதான் கடினம். ஆனால் பெண்ணின் கழா நோன்பு, ரமளானுக்கு அடுத்த மாதமான ஷவ்வாலுக்குப் பிறகு ஏதோ ஒரு சாதாரணத் திங்கட்கிழமை வருகிறது. அன்று வீட்டில் எல்லோருக்கும் காலையில் இட்லி, மதியம் மீன் ஆணம். அவள்தான் சமைக்கிறாள், அவள்தான் பரிமாறுகிறாள், உப்புப் பார்க்கக் கேட்டால்தான் அவள் நோன்பு என்றே மற்றவர்களுக்குத் தெரிகிறது. யாரும் பாராட்டுவதில்லை, வைக்காவிட்டால் யாரும் கேட்பதுமில்லை. ஊர் பார்க்கிறது என்ற காரணம் இல்லாமல் செய்யப்படும் வணக்கத்தை நீங்கள் தேடுகிறீர்கள் என்றால், அது இதுதான். ஆண்களுக்காக எழுதப்பட்ட எந்த அளவுகோலிலும் இந்தக் கேள்விக்கு இடம் இருக்க வாய்ப்பில்லை.

நிலா_ஹமீது

உஸ்தாதா சொன்னது என் நெஞ்சைத் தொட்டது. ஆனாலும் ஓர் ஆட்சேபம் உண்டு, அதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

எனக்கு மூன்று பிள்ளைகள். கர்ப்பம், பேறு, பால் கொடுத்தல் என்று அடுத்தடுத்து வந்ததில் ஏறக்குறைய முழு ரமளான்களே என் கணக்கில் நிலுவையாக இருக்கின்றன. என் நாத்தனாருக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு ஆண்டுக்கு ஆறேழு நோன்புதான் விடுபடும், ஷவ்வாலிலேயே முடித்துவிடுவாள். "எத்தனை கழா நோன்பு நிலுவையில் உள்ளது" என்று கேட்டால் நீங்கள் அளப்பது எங்கள் பேணுதலை அல்ல, எங்கள் பேறுகால வரலாற்றை. அதிலும் மத்ஹபு வேறுபாடு உண்டு. பிள்ளைக்குத் தீங்கு வருமோ என்று அஞ்சி நோன்பை விட்ட தாய், ஷாபியில் கழாவோடு ஃபித்யாவும் (ஏழைக்கு உணவளிக்கும் ஈடும்) கொடுக்க வேண்டும். ஹனஃபியில் கழா மட்டும் போதும். தகுந்த காரணமின்றி அடுத்த ரமளான்வரை தள்ளிப்போட்டாலும் ஷாபியில் ஃபித்யா சேரும், ஹனஃபியில் சேராது. ஒரே செயலைச் செய்யும் இரு பெண்கள் இரண்டு வேறு கடன்களைச் சுமக்கிறார்கள்.

இரண்டாவது, கேட்கும் சூழல். உங்கள் தாளை எங்கே வைத்துக் கேட்கப் போகிறீர்கள்? எங்கள் தெருவில் வெளியிலிருந்து ஒரு பெண் கேள்வித்தாளோடு வந்தால் மாமியார், ஓரகத்தி, பக்கத்து வீட்டு ராத்தா என்று நாலு பேர் சுற்றி உட்காருவார்கள். அவர்கள் முன்னால் கழா பற்றிக் கேட்டால் மருமகள் என்ன பதில் சொல்வாள்? எல்லாம் முடித்துவிட்டேன் என்றுதான் சொல்வாள். அது அவள் குற்றமல்ல.

புள்ளியியல்_வாசகன்

நிலா சொல்லும் இரண்டாவது ஆட்சேபத்துக்கு வலுவான முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவில் தேவாலயம் செல்வதாக மக்கள் சொல்வதையும் உண்மையில் வந்த தலைகளையும் ஹடவே, மார்லர், சேவ்ஸ் என்ற மூவர் ஒப்பிட்டு 1993ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். உண்மை வருகை, சொல்லப்பட்டதில் ஏறக்குறைய பாதிதான். மார்க்கம் மதிக்கப்படும் சமூகத்தில் மார்க்கம் பற்றிக் கேட்டால் பதில் மேல்நோக்கியே சாயும். பதிலளிப்பவர் தானே குறியிட்டு, உறையில் போட்டு ஒட்டித் தரும்படி செய்தால் இந்தச் சாய்வு ஓரளவு குறையும்.

அரபுத்தமிழ்_பேரன்

தானே குறியிடுவது என்று சொல்லும்போது ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். என் உம்மம்மாவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் அவர்களை எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று குறித்துக்கொண்டு போனார். ஆனால் அவர்கள் குர்ஆனை அன்றாடம் ஓதுவார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதிய பழைய கிதாபுகளை விரலை வைத்து வரி வரியாக வாசித்து எங்களுக்குச் சட்டம் சொல்வார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்கள் அரபுத் தமிழில் எழுதியதால்தான், பள்ளிக்கூடம் போகாத ஒரு தலைமுறைப் பெண்களுக்கும் மார்க்க அறிவு கிடைத்தது. உங்கள் தாளின் 'அறிவு' பகுதி அச்சிட்ட தமிழில் இருந்தால், ஊரிலேயே அதிகம் அறிந்த மூதாட்டிகள் கடைசி இடத்துக்குப் போவார்கள். அவர்களுக்கு ஒரு பெண் தனியறையில் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிப்பவர் அதே ஊர்க்காரராக இல்லாதிருப்பது நல்லது.

சொற்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேள்வித்தாளில் 'மதப்பற்று' என்று எழுதாதீர்கள். எங்கள் வீடுகளில் 'மதம்' என்பது அரசாங்கப் படிவத்தில் நிரப்பும் சொல். வாழ்வது 'மார்க்கம்'. ஒரு பெண்ணைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல வேண்டுமானால் "பேணுதலான பிள்ளை" என்பார்கள். அந்தச் சொல்லில் தொழுகை மட்டுமல்ல, புறம் பேசாமை, கொடுக்கல் வாங்கலில் நேர்மை, மாமியாரைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அடங்கியிருக்கிறது. அதுபோல 'பிரார்த்தனை' என்று ஒரே சொல்லில் எழுதினால் சிலர் தொழுகை என்றும் சிலர் துஆ (இறைவனிடம் வேண்டுதல்) என்றும் எடுத்துக்கொள்வார்கள். இரண்டும் இரண்டு கேள்விகளாக இருக்க வேண்டும். ஹைளு நாள்களில் தொழுகை இல்லாவிட்டாலும் துஆவும் திக்ரும் (இறைநினைவு ஓதுதலும்) உண்டு என்பதால் பெண்கள் விஷயத்தில் இந்தப் பிரிவு இன்னும் முக்கியம்.

வேலூர்_வாசகி

உடையைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்தேன். முஸ்லிம் பெண்களின் பற்றை அளக்கிறோம் என்று புறப்படும் பலர் முதலில் கேட்பது அதைத்தான். வேண்டாம். இந்தியாவில் 2019–20இல் ஏறக்குறைய 30,000 பேரிடம் பியூ மையம் நடத்திய ஆய்வில் தென்னிந்திய முஸ்லிம் பெண்களில் 83 சதவீதத்தினர் வெளியே செல்லும்போது தலையை மூடுவதாகச் சொன்னார்கள். நாடு முழுவதும் எடுத்தால் இந்துப் பெண்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் அவ்வாறு சொன்னார்கள். வட்டாரம், குடும்பம், ஊர் வழக்கம் எல்லாம் கலந்த ஒன்றை வைத்து ஒருத்தியின் உள்ளத்தை எப்படிப் படிப்பது? ஈரானில் அது சட்டம். துருக்கிப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் அது தடை செய்யப்பட்டிருந்தது. இரண்டு இடத்திலும் தலைத்துணி சொல்வது முதலில் அரசைப் பற்றித்தான்.

ஜகாத் (கட்டாய தர்மம்) கேள்வியிலும் கவனம் தேவை. எங்கள் பக்கம் ஹனஃபி; பெண்ணின் நகைக்கு, நிஸாபு எனும் குறைந்தபட்ச அளவை எட்டி ஓராண்டு நிறைந்தால், ஜகாத் உண்டு. ஷாபியில், அணிவதற்காக வைத்திருக்கும் அளவான நகைக்கு ஜகாத் இல்லை. உங்கள் கடலோரப் பெண்கள் பலர் 'இல்லை' என்று குறியிட்டால் அது கஞ்சத்தனம் ஆகாது.

தெற்குவாசல்

தர்கா, மௌலிது பற்றிய கேள்விகளையும் மொத்த மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள். நாகூர் தர்காவுக்குப் போய்வந்ததை ஒரு பெண் நன்மையாக எண்ணுவாள். தர்கா வழிபாட்டை மறுக்கும் தவ்ஹீத் பயான் கேட்டு வளர்ந்த அவள் மகளோ, போகாமல் இருப்பதே தன் ஈமான் (நம்பிக்கை) என்பாள். அந்தக் கேள்வியில் அதிக மதிப்பெண் வாங்குவது எந்தத் தரப்பு என்பதை நிர்ணயிப்பது ஆய்வாளரின் வேலையல்ல. தனிக் கேள்வியாக வைத்து, தனியாகவே அறிக்கையிடுங்கள். மௌலிது ஓதும் மஜ்லிஸுக்கும் இது பொருந்தும் என்பதால் உஸ்தாதாவின் பட்டியலில் அதை மட்டும் பிரித்துவிட வேண்டும்.

'வாழ்வில் விளைவு' என்று கிளாக் சொன்ன கூறு உங்கள் அளவுகோலில் இல்லை என்பதையும் கவனித்தேன். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் முன்னெடுத்த பெண்கள் ஜமாஅத்தை எண்ணிப் பாருங்கள். ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து தலாக்கையும் மஹரையும் (மணமகன் தரும் மணக்கொடையையும்) தீர்மானிக்கும் ஜமாஅத்துகளில் பெண்ணின் குரல் கேட்கப்படவில்லை என்பதற்காக உருவானது அது. மார்க்கம் தனக்குத் தந்த உரிமையைக் கேட்டு நிற்கும் பெண்ணை எந்தக் கேள்வி பதிவு செய்யும்? 'ஊர் ஜமாஅத்துக்குக் கட்டுப்படுகிறேன்' என்பது போன்ற வாசகத்தைப் பற்றின் அடையாளமாக வைத்தால் அவளுக்குக் குறைந்த மதிப்பெண்தான் கிடைக்கும். அது மிகப்பெரிய அநீதி என்று நான் கருதுகிறேன்.

கடற்கரைத்தெரு

எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹு கைரன். இரண்டு இரவு உட்கார்ந்து தாளைத் திருத்தினேன். உடைக் கேள்வியை எடுத்துவிட்டேன். தர்கா, மௌலிதுக் கேள்விகள் தனிப் பக்கத்துக்குப் போய்விட்டன. ஜகாத்துக்கு முன்னால் மத்ஹபைக் கேட்கிறேன். தொழுகையும் துஆவும் பிரிந்துவிட்டன. முஸ்லிம்களிடையே பயன்படுத்துவதற்காக அபூ ரய்யா, பார்கமெண்ட் முதலியோர் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட அளவுகோலில், மார்க்க விஷயத்தில் ஏற்படும் மனப்போராட்டத்தையும் சோதனைக் காலத்தில் மார்க்கத்தைப் பற்றிக்கொள்வதையும் தனித்தனியாக அளக்கும் பகுதிகள் இருக்கின்றன. என் ஆய்வு மன அமைதி பற்றியது என்பதால் அந்த இரண்டையும் தழுவி எழுதலாம் என்று வழிகாட்டியிடம் கேட்டிருக்கிறேன். ஊர் ஜமாஅத் விஷயத்தில் எந்த வாசகமும் வைக்கவில்லை. நியாயத்துக்காக மார்க்கத்தின் பெயரால் யாரிடமாவது பேசியதுண்டா என்று திறந்த கேள்வியாகக் கேட்கிறேன்.

கழா நோன்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. நிலாவின் ஆட்சேபம் சரியானது. எண்ணிக்கையைக் கேட்க முடியாது. ஆனால் உஸ்தாதா சொன்ன பிறகு அந்தக் கேள்வியை விடவும் மனம் வரவில்லை.

சுபுஹ்_வெளிச்சம்

எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். எண்ணி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால்:

என் உம்மா வஃபாத்தான நாற்பது நாளுக்குப் பிறகு அவர்களுடைய பீரோவை நானும் ராத்தாவும் ஒழித்தோம். சேலைகளுக்கு அடியில் பிள்ளைகளின் பழைய பள்ளி நோட்டு ஒன்று இருந்தது. முன்பக்கத்தில் என் தம்பியின் கணக்குப் பாடம். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் உம்மாவின் கணக்கு. ஒவ்வொரு ரமளானுக்கும் ஒரு வரி, விட்ட நோன்புக்கு ஒரு நேர்கோடு, கழாச் செய்ததும் அதன்மேல் குறுக்குக் கோடு. நான் பிறந்த ஆண்டின் வரியில் கோடுகள் பக்கத்தின் ஓரம்வரை போயிருந்தன; அவற்றை அடித்து முடிக்க எட்டு ஆண்டு ஆகியிருக்கிறது என்பது மையின் நிறம் மாறி மாறி வருவதிலிருந்து தெரிந்தது. இந்த நோட்டைப் பற்றி வாப்பாவுக்குக்கூடத் தெரியாது. கடைசி வரியில் பதினோரு கோடுகள் அடிபடாமல் இருந்தன. எங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டோம். ஃபித்யா கொடுக்கலாம், அல்லது நெருங்கிய உறவினர் நோன்பு வைக்கலாம் என்றார்கள். ராத்தா ஆறு வைத்தாள், நான் ஐந்து வைத்தேன். குறுக்குக் கோடுகளை அதே நோட்டில் போட்டோம்.

என் உம்மாவிடம் "எத்தனை நிலுவை" என்று நீங்கள் கேட்டிருந்தால், நான் பிறந்த பிறகான அந்த எட்டு ஆண்டில் எந்த ஆண்டு கேட்டிருந்தாலும் அவர்களுக்குக் குறைந்த மதிப்பெண்தான் கிடைத்திருக்கும்.

நிலா_ஹமீது

இதற்கு நான் உடன்படுகிறேன். என்னிடமும் கணக்கு இருக்கிறது, கைப்பேசியில் வைத்திருக்கிறேன். என் மாமியாருக்கு அது தெரியாது. உறையில் போட்டு ஒட்டித் தரச் சொன்னால் உண்மையைக் குறியிடுவேன்.

கடற்கரைத்தெரு

சுபுஹ் ராத்தா, உங்கள் உம்மாவின் கப்ரை அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக. கேள்வியை இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்:

"மார்க்கம் அனுமதித்த காரணங்களால் விடுபட்ட ரமளான் நோன்புகளின் கணக்கை நீங்கள் எந்த வகையிலாவது (நோட்டு, நாட்காட்டி, கைப்பேசி, நினைவு) வைத்திருக்கிறீர்களா? சென்ற ரமளானுக்குப் பிறகு, உடல்நிலை இடம் கொடுத்த அளவுக்கு, அவற்றில் ஏதேனும் ஒன்றையாவது கழாச் செய்தீர்களா?"

இரண்டுக்கும் ஆம், இல்லை, பொருந்தாது என்ற மூன்று கட்டங்கள். உறை தனி. வாசிக்க முடியாதவர்களுக்காகப் பக்கத்து ஊரிலிருந்து வரும் ஒரு தோழி தனியறையில் வாசித்துக் காட்டுவார். வேலூர் சகோதரி, உங்கள் பக்கம் உருது பேசும் பெண்களிடமும் இந்த வாசகம் அதே பொருளைத் தருமா என்று இரண்டு மூன்று பேரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? 'மார்க்கம் அனுமதித்த காரணங்கள்' என்ற இடத்தில் அவர்கள் என்ன சொல் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.